கையடக்கப் புறொஜெக்டர் வாங்குமுன் வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு



எங்கள் வானொலியின் மாலை நிகழ்ச்சியில் நான் வழங்கிய உரையை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். இலக்கங்களைக் காதால் மட்டும் கேட்டால் மனதில் நிற்காது என்பது நியாயமான முறைப்பாடு. ஆகவே கணக்குகளையும் சேர்த்து இங்கே விரிவாகத் தருகிறேன்.

நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "அம்மாவின்ரை எழுபதாவது பிறந்தநாள் வருகுது. பழைய படங்களைப் பெரிசாக் காட்ட வேணும். தூக்கிக்கொண்டு போகக்கூடிய நல்ல புறொஜெக்டர் ஒன்று சொல்லுங்கோ." சிலர் ஊர்ச் சங்க ஒன்றுகூடலுக்குக் கேட்கிறார்கள், சிலர் பழைய மாணவர் சங்கத்துக்கு, சிலர் 31ஆம் நாள் நினைவு நிகழ்வுக்கு.

எங்கள் சமூகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. 1983இலும், 1995இலும், 2009இலும் ஒரு பைக்குள் அடங்கியதோடு வீட்டை விட்டு வெளியேறியவர்கள் நாங்கள். பல குடும்பங்களில் ஐம்பது ஆண்டு வாழ்க்கைக்கு மிஞ்சியிருப்பது பத்துப் பதினைந்து படங்கள்தான். சில குடும்பங்களில் அப்பப்பாவின் முகத்துக்கு அடையாள அட்டைக்காக எடுத்த ஒரேயொரு சிறிய படம் மட்டுமே சாட்சி. அந்தப் படங்களில் நிற்பவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடியவர்களுக்கு இன்று எண்பது வயது. அவர்களுடைய கண்ணுக்குப் படம் தெளிவாகத் தெரிந்தால்தான் பெயரும் வெளியே வரும். அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடையும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் என்று கண் மருத்துவம் சொல்கிறது. பேரனுக்குத் தெரிவது அம்மம்மாவுக்குத் தெரியாமல் போவதற்கு அவருடைய ஞாபகம் மங்கியதுதான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள்.

ஒரு குறிப்பிட்ட மாதிரியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மாதிரிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கணக்கு மாறாது.

முதலில் பார்க்க வேண்டிய எண்

புறொஜெக்டரின் வெளிச்சத்தை 'லூமன்' என்ற அலகில் அளப்பார்கள். இணையக் கடைகளில் நூறு டொலர் சாமானுக்குக்கூட 9000 லூமன், 12000 லூமன் என்று போட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த எண்களை நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம். எப்படி அளந்தார்கள் என்று சொல்லாத எண், பற்றுச்சீட்டு இல்லாத செலவுக் கணக்கைப் போன்றது.

நீங்கள் தேட வேண்டியது 'அன்சி லூமன்' அல்லது 'ஐ.எஸ்.ஓ லூமன்' என்ற குறிப்பு. அன்சி முறையில் திரையை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் விழும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, திரையின் பரப்பளவால் பெருக்குவார்கள். 'எல்.ஈ.டி லூமன்' என்றோ வெறுமனே 'லூமன்' என்றோ இருந்தால் அதை அன்சி எண்ணுடன் ஒப்பிட முடியாது. விபரக்குறிப்பில் அன்சி, ஐ.எஸ்.ஓ இரண்டுமே இல்லையென்றால் அந்தப் பொருளை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கையில் அடங்கும், பற்றரியில் இயங்கும் சிறிய கருவிகள் பெரும்பாலும் 200 முதல் 300 அன்சி லூமன் வரை தரும். மதிய உணவுப் பெட்டி அளவில் வருபவை 500 முதல் 1000 வரை. அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பாவிக்கும், தோள்பையில் போட்டுக் கொண்டுபோகக்கூடிய இரண்டரை மூன்று கிலோ கருவிகள் 3000க்கு மேல் தரும்.

மண்டபமும் ஒரு பங்காளி

புறொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீச முடியாது. வெளிச்சத்தை மட்டும்தான் வீசலாம். படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில், அறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்தான் தெரியும். ஆகவே முகம் தெளிவாகத் தெரியுமா என்பதைத் தீர்மானிப்பது இரண்டு வெளிச்சங்களுக்கும் இடையிலான விகிதம்: கருவி வீசுவது ஒன்று, மண்டபம் திரைமேல் கொட்டுவது மற்றது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மூலைக்கு மூலை 100 அங்குலமுள்ள அகலத் திரை ஏறத்தாழ 2.2 மீற்றர் அகலமும் 1.25 மீற்றர் உயரமும் கொண்டது. பரப்பளவு 2.75 சதுர மீற்றர். 300 லூமன் கருவி இதில் வீசும் வெளிச்சம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 109. இந்த அலகை 'லக்ஸ்' என்பார்கள். 3000 லூமன் கருவி 1090 லக்ஸ் தரும்.

மண்டபத்தின் குழல் விளக்குகள் எரிகின்றன, திரைமேல் 100 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 லூமன் கருவியில் வெள்ளை இடம் 209, கறுப்பு இடம் 100. விகிதம் இரண்டுக்கு ஒன்று. அப்பாவின் தலைமுடியும் பின்னாலுள்ள சுவரும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். 3000 லூமன் கருவியில் விகிதம் கிட்டத்தட்ட பன்னிரண்டுக்கு ஒன்று.

இப்போது விளக்குகளை அணைத்து யன்னல் திரைகளை இழுத்து, திரைமேல் விழுவதை 10 லக்ஸாகக் குறைப்போம். அதே 300 லூமன் கருவியில் வெள்ளை 119, கறுப்பு 10. விகிதம் கிட்டத்தட்ட பன்னிரண்டுக்கு ஒன்று.

இரண்டு விடைகளும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? அறையின் வெளிச்சத்தைப் பத்திலொன்றாக்குவதும், பத்து மடங்கு பலமான கருவி வாங்குவதும் ஒரே பலனைத்தான் தருகின்றன. முதலாவதற்குச் செலவு, விளக்கின் சுவிட்சை அமத்துவது மட்டுமே.

எவ்வளவு விகிதம் போதும் என்பதற்கும் அளவுகோல் உண்டு. 2011இல் வெளிவந்த அமெரிக்கத் தரநிலை ஒன்று, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஏழுக்கு ஒன்று, விபரங்களை வாசித்தறிவதற்குப் பதினைந்துக்கு ஒன்று, முழுத் திரைப்படத்துக்கு எண்பதுக்கு ஒன்று என்று வகுத்திருக்கிறது. குழுப் படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்பவர் யாரென்று பெரியவர் கண்டுபிடிக்க வேண்டுமானால் பதினைந்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 300 லூமன் கருவி வைத்திருப்பவர் இருட்டிய அறையில் படத்தை 80 அங்குலமாகச் சுருக்கினால் அந்த விகிதம் பதினெட்டுக்கு ஏறிவிடும். படத்தைப் பெரிதாக்கினால் அதே வெளிச்சம் அதிக இடத்துக்குப் பரவி மங்கும். பெரிய படம் கம்பீரமாக இருக்கும், சிறிய படம் தெளிவாக இருக்கும். கருவி சிறியதானால் தெளிவையே தெரிவு செய்யுங்கள்.

திரைமேல் விழும் வெளிச்சத்தை நீங்களே அளக்கலாம். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் பலவற்றில் வெளிச்ச உணரி இருக்கிறது. லக்ஸ் அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, தொலைபேசியைத் திரையோடு ஒட்டி, அதன் முகம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். அண்ணளவான எண் கிடைக்கும், எங்கள் தேவைக்கு அது போதும். வெள்ளைப் படம் ஒன்றை வீசி ஒன்பது இடங்களில் அளந்து, அறை வெளிச்சத்தைக் கழித்து, சராசரியைப் பரப்பளவால் பெருக்கினால் விற்றவர் சொன்ன லூமனையே ஓரளவு கணக்காய்வு செய்துவிடலாம்.

சிட்னியில் இருப்பவர்களுக்கு இன்னொரு விடயம். டிசம்பர் மாதத்தில் சூரியன் மறைய இரவு எட்டு மணியளவாகிவிடும். பிற்பகல் நான்கு மணிக்கு மண்டபம் எடுத்து, யன்னலுக்குத் திரைச்சீலையும் இல்லையென்றால் சிறிய கருவி எதுவும் உதவாது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன், விளக்குகளை வரிசை வரிசையாக அணைக்க முடியுமா, யன்னல்களை மறைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தெளிவும் நிறமும்

இரண்டாவது எண், பிக்சல். '1080 ஆதரவு', '4கே ஆதரவு' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த அளவுக் கோப்பை உள்ளே எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். அந்த அளவில் காட்டும் என்று பொருளில்லை. 'நேட்டிவ் ரெசொலூஷன்' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 854க்கு 480 என்றிருந்தால் மொத்தம் நான்கு இலட்சத்துப் பத்தாயிரம் புள்ளிகள்தான். 1920க்கு 1080 என்றால் இருபது இலட்சத்துக்கு மேல்.

அந்த இருபது இலட்சமும் உங்கள் படத்துக்குக் கிடைப்பதில்லை. புறொஜெக்டர் திரை 16க்கு 9 என்ற அகல வடிவம். பழைய பிலிம் கமராவின் படம் 3க்கு 2. அது 1080 உயரத்துக்குள் அடங்கும்போது 1620 புள்ளி அகலம் மட்டும் எடுக்கும், அதாவது திரையில் 84 வீதம். நிமிர்த்தி எடுத்த படமானால் 720க்கு 1080, வெறும் 37.5 வீதம். மீதி இடம் இருபுறமும் கறுப்பாகக் கிடக்கும். எங்கள் ஸ்ரூடியோப் படங்களில் பாதி நிமிர்ந்த படங்கள். 16க்கு 10 வடிவக் கருவியில் 3க்கு 2 படம் 94 வீதம் வரை நிரம்பும். விலையில் இரண்டும் சமமென்றால் படக்காட்சிக்கு 16க்கு 10 வாங்குவது இலாபம்.

நிறத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில கருவிகள் ஒரே ஒரு சில்லால் படத்தை உருவாக்கும், இதை 'டி.எல்.பி' என்பார்கள். இவற்றில் சில மாதிரிகள் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக நிறச் சக்கரத்தில் வெள்ளைக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்திருக்கும். வெள்ளை பளிச்சென்று இருக்கும், நிறங்கள் மங்கும். கல்யாணப் படத்தில் கூறைச் சேலையின் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். 'த்ரீ எல்.சி.டி' என்ற மூன்று பலகை முறையில் வெள்ளையும் நிறமும் ஒரே பலத்தில் வரும், ஆனால் தூசி வடிகட்டியை அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும்தான் என்றால் இரண்டும் சரி. கடைக்குப் போகும்போது உங்களுடைய ஐந்தாறு படங்களை யூ.எஸ்.பி துண்டில் கொண்டுபோய் அவற்றைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் கடற்கரைப் படமும் பூப்படமும் எந்தக் கருவியிலும் அழகாகத்தான் இருக்கும்.

வைக்கும் இடமும் சத்தமும்

விபரக்குறிப்பில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் கருவியை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பது தெரியும். 1.2 என்றால், 2.2 மீற்றர் அகலப் படத்துக்கு ஏறத்தாழ 2.65 மீற்றர் தூரம். வரவேற்பறையில் அவ்வளவு இடம் இருக்கிறதா, பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்களா என்று முதலே அளந்து பாருங்கள்.

கருவியைத் தரையில் வைத்து அண்ணாந்து வீசினால் படம் மேலே அகன்று கீழே ஒடுங்கும். அதைத் தானாக நிமிர்த்தும் வசதி இப்போது பெரும்பாலான கருவிகளில் உண்டு. ஆனால் அது புள்ளிகளை வெட்டி எறிந்துதான் நிமிர்த்துகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தெளிவு அங்கே குறைகிறது. உறுதியான மேசையில், திரைக்கு நேரே வைத்து, அந்த வசதியை முடிந்தவரை குறைவாகப் பாவியுங்கள்.

ஒலிபரப்பில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்: விசிறிச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். 30 டெசிபெலுக்குக் கிட்ட இருந்தால் நல்லது. 40 என்றால், பெரியவர் தாழ்ந்த குரலில் கதைக்கும்போது விசிறிதான் கேட்கும். சிறிய கருவிகளின் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ஐம்பது பேருக்குப் போதாது. வெளி ஸ்பீக்கருக்கு வயர் குத்தும் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைபேசியிலிருந்து நேரடியாகக் காட்ட விரும்புவோர் கவனிக்க: யூ.எஸ்.பி-சி துளை இருக்கும் எல்லாத் தொலைபேசிகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. 2023இல் வந்த ஐபோன் 15 அனுப்பும். விலை குறைந்த அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பல அனுப்பாது. 2017க்குப் பின் ஐபோன்கள் படங்களைச் சேமிக்கும் 'ஹெயிக்' என்ற வடிவத்தைப் பல புறொஜெக்டர்கள் திறக்காது. எல்லாவற்றையும் ஜே.பி.ஈ.ஜி வடிவத்துக்கு மாற்றி, யூ.எஸ்.பி துண்டில் போட்டு, நிகழ்ச்சிக்கு முதல் நாளே அதே கருவியில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

செலவுக் கணக்கு

லேசர், எல்.ஈ.டி கருவிகளின் ஒளிமூலம் 20,000 மணித்தியாலத்துக்கு மேல் உழைக்கும் என்பார்கள். பழைய முறை மின்குமிழ் கருவி 4000 மணித்தியாலம் அளவில். இந்த வித்தியாசத்துக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டுமா? ஓர் ஊர்ச் சங்கம் மாதம் ஒரு நிகழ்ச்சி, ஒவ்வொன்றிலும் மூன்று மணித்தியாலம் பாவித்தால் ஆண்டுக்கு 36 மணித்தியாலம். 4000 மணித்தியாலம் முடிய 111 ஆண்டுகள் எடுக்கும். தினமும் படம் பார்ப்பவருக்கு லேசர் இலாபம். ஆண்டுக்குப் பத்து முறை பாவிப்பவருக்கு அந்த எண்ணால் பயனில்லை.

ஆகவே மண்டபத்துக்கென்றால், நல்ல நிலையிலுள்ள 3000 லூமன் அலுவலகக் கருவியை இரண்டாம் கையாக வாங்குவது பலருக்குச் சிக்கனமான வழி. மின்குமிழ் ஓடிய நேரம் கருவியின் பட்டியலிலேயே பதிவாகியிருக்கும், திறந்து காட்டச் சொல்லுங்கள். மாற்று மின்குமிழ் இன்னும் சந்தையில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். அந்த மின்குமிழில் பாதரசம் இருக்கும். உடைந்தால் யன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் தேவை என்றால் வாடகைக்கு எடுங்கள். அல்லது சீட்டுப் பிடித்துப் பழகிய நாங்கள், ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி முறைவைத்துப் பாவிக்கலாம். யார் வீட்டில் இருக்கும், பழுதானால் யார் எவ்வளவு கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் மனஸ்தாபம் வராது.

2011 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, பொருள் விற்பவர் சொன்ன விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும். பெருங்குறை இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உள்ளூர்க் கடையில் இந்த உரிமையைப் பாவிப்பது சுலபம். வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடம் அதே உரிமையைப் பெற்றுக்கொள்வது நடைமுறையில் கடினம். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து பற்றுச்சீட்டுடன் சேர்த்து வையுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: இலங்கையிலும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ற்றுதான், பிளக் மட்டும் வேறு. பற்றரி உள்ள கருவியைக் கைப்பையில் கொண்டு செல்லுங்கள்.

படங்களை ஆயத்தம் செய்தல்

எந்தக் கருவியானாலும் உள்ளே போவதுதான் வெளியே வரும். அச்சுப் படத்தைக் குழல் விளக்கின் கீழ் வைத்துத் தொலைபேசியால் எடுக்காமல் ஸ்கான் செய்யுங்கள். ஐந்து அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 35க்கு 45 மில்லிமீற்றர் கடவுச்சீட்டு அளவுப் படத்தை 600 புள்ளியில் ஸ்கான் செய்தால் 827க்கு 1063 பிக்சல் கிடைக்கும். 1080 திரையின் உயரத்துக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். அந்த ஒரேயொரு அடையாள அட்டைப் படம் உள்ள குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்ரிக் உறைக்குள் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்க வேண்டாம், உறையோடேயே ஸ்கான் செய்யலாம். சிவந்துபோன பழைய வர்ணப் படங்களைக் கணினியில் திருத்துங்கள், புறொஜெக்டரின் நிறத்தை மாற்றி அல்ல.

விழா மண்டபமென்றால் அறுபது படம், ஒன்றுக்குப் பத்து விநாடி, மொத்தம் பத்து நிமிடம் போதும். வீட்டில் பெரியவர்களோடு பார்க்கும்போது தானாக ஓடும்படி விடாதீர்கள். கையால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அவரை முன்வரிசையில், திரைக்கு நேரே இருத்துங்கள். பக்கத்தில் ஒரு தொலைபேசியை ஒலிப்பதிவில் போட்டு வையுங்கள். படத்துக்கு இலக்கம் இட்டு, "இது ஏழாம் படம்" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தால், அவர் சொல்லத் தொடங்குவார். எந்தப் படத்துக்கு எந்தப் பேச்சு என்று பிறகு தேடவும் சுலபமாக இருக்கும். கேட்ட பெயர்களை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி, படத்தின் கோப்புப் பெயரிலும் சேர்த்துவிடுங்கள்.

வாங்கும் புறொஜெக்டர் பத்து ஆண்டில் பழையதாகிவிடும், அதை விடத் திறமானது மலிவாக வரும். ஏழாம் படத்தில் இடப்பக்கம் நிற்பவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் பத்து ஆண்டு காத்திருப்பாரா தெரியாது. ஆகவே நல்ல கருவி கிடைக்கட்டும் என்று பிந்தாமல், கையில் இருப்பதை அல்லது இரவல் கிடைப்பதை வைத்து, விளக்கை அணைத்துவிட்டு இந்த மாதமே தொடங்குங்கள்.

உங்கள் மண்டபத்தில் அளந்த லக்ஸ் எண்ணையும் திரையின் அளவையும் நிலையத்துக்கு எழுதி அனுப்பினால், எவ்வளவு லூமன் தேவை என்று கணக்குப் பார்த்துச் சொல்வேன். அதற்குக் கட்டணம் இல்லை. அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.